ஆறாவதாக ஏறியவன்

“தலை சுத்துதா?”

“இல்ல கோச்.”

“குமட்டுதா?”

“டோபியாஷ் ஷூவக் கழட்டினப்ப குமட்டுச்சு. இப்ப இல்ல.”

“இது எத்தனை விரல்?”

“மூணு. நகத்தைக் கொஞ்சம் வெட்டுங்க கோச்.”

பெஞ்சில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் தண்ணீர் பாட்டிலை ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே பீய்ச்சிக் குடித்தான்.

“ஸ்கோர் என்ன கோச்?”

“ரெண்டுக்கு ரெண்டு.”

தலையாட்டினான். ஆட்டத்தைப் பார்த்தான். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. மறுபடி என் பக்கம் திரும்பினான். அதே முகம். அதே குரல்.

“ஸ்கோர் என்ன கோச்?”

இது நடந்தது. இதற்குப் பின்னால் வரும் எல்லாமும் நடந்தது. பேய், ஆவி என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அந்தச் சொற்களைச் சொல்ல நாக்கு கூசுகிறது. எனக்கு இருக்கும் ஒரே சாட்சி என் வலது கை. அது இன்றும் சில நேரம் குளிர்கிறது. அடுப்பருகே நீட்டினாலும் குளிர்கிறது.

என் பெயர் லுபோ. ஸ்லோவாக்கியாவின் வடக்கே, தாத்ரா மலைகளுக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அங்கே பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லித்தருகிறேன். மேலே நான் பேசிக்கொண்டிருந்த பையன் ரிஷோ. ரிஷோ கய்டோஷ். பதினைந்து வயது. ஜெர்சி எண் இருபத்தாறு. என்னிடம் வந்தபோது அவனுக்கு ஏழு வயது. ஸ்கேட் கயிறு கட்டத் தெரியாது. அவனுடைய அம்மா மார்செலா எங்கள் ஸ்டேடியத்திலேயே டீக்கடை நடத்துகிறாள். அவள் போடும் எலுமிச்சை டீ இல்லாமல் எங்கள் ஊரில் எந்த ஆட்டமும் தொடங்காது.

அன்று அரையிறுதி. வெளியூர் ஆட்டம். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடியும் நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ரிஷோவைத் தடுப்புப் பலகையோடு சேர்த்து இடித்தான். தலை கண்ணாடியில் மோதியது. எழுந்தான். எழுந்து, எதிரணியின் பெஞ்சை நோக்கிப் போனான். பாதி வழியில் நின்றான். திரும்பி எங்களிடம் வந்தான்.

அதை நான் பார்த்தேன்.

தலையில் அடிபட்டவன் அன்று ஆடக் கூடாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பெற்றோரைக் கூட்டி வைத்து அதைச் சொல்வது நான்தான். எந்தப் பெஞ்சுக்குத் திரும்புவது என்று தெரியாமல் போகிறவன், கேட்டதையே திரும்பக் கேட்கிறவன், இவர்களை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்வதும் நான்தான்.

ஆனால் மேலே, பார்வையாளர்களின் கடைசி வரிசையில், சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்தவர். ரிஷோவைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அவன் தேர்வானால் எங்கள் ஊரிலிருந்து போகும் முதல் பையன் அவன். அவனை வளர்த்தவன் என்று என் பெயரும் கூடவே போகும். போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டத்தில் களத்தில் ஓடுவது ஐந்து பேர். கோல்கீப்பர் தனி. முக்கால் நிமிடத்துக்கு மேல் யாராலும் முழு வேகத்தில் ஓட முடியாது. அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறுவார்கள். அந்தச் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் நான் தோளில் தட்டுவேன். கை பட்டவன் பலகையைத் தாண்டிக் குதிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். என் கண் ஆட்டத்தில் இருக்கும். கை தானாகத் தோள்களைத் தேடிக்கொள்ளும்.

மூன்றாம் பகுதி தொடங்கியது. ரிஷோ பெஞ்சின் கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்தான். எப்போதும் அவன் இடம் அதுதான்.

அவன் தோளில் கை வைத்தேன்.

ஒரு வினாடி என்னைத் திரும்பிப் பார்த்தான். மட்டையால் பெஞ்சின் கதவை இரண்டு முறை தட்டினான். டொக்... டொக். களத்துக்குப் போகும்முன் எப்போதும் அப்படித் தட்டுவான். குதித்தான்.

அதற்குப் பிறகும் மூன்று முறை அனுப்பினேன். மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். குளியலறையில் வாந்தி எடுத்தான். “முட்டை ரொட்டி கோச்... அந்தக் கடைக்காரன் நாசமாப் போவான்” என்று சிரித்தான். பஸ்ஸில் ஜன்னலில் நெற்றியை வைத்துத் தூங்கினான். என் கோட்டை மடித்து அவன் தலைக்குக் கொடுத்தேன். ஊர் வந்ததும் மார்செலா காரோடு காத்திருந்தாள்.

“என்ன கோச், இப்படி முழிக்கிறான்?”

“நல்லா ஆடினான். களைப்பு. தூங்கட்டும்.”

தூங்கட்டும் என்றேன்.

காலையில் அவனை எழுப்ப முடியவில்லை.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அறுத்து எடுத்தார்கள். கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் கேட்டார்: அடிபட்ட பிறகு குழப்பமாகப் பேசினானா? கேட்டதையே கேட்டானா?

மார்செலா பக்கத்தில் நின்றாள். அவள் கையில் அவனுடைய கம்பளித் தொப்பி.

“இல்ல டாக்டர்,” என்றேன். “ஒரு அறிகுறியும் இல்ல. நல்லாத்தான் இருந்தான்.”

மார்செலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பாத்திருப்பீங்க கோச். எதாவது இருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

அவள் பிடித்தது வலது கையை.

அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். தள்ளி வைக்கலாமா என்று கிளப்பில் கேட்டார்கள். பையன்கள் மறுத்தார்கள். ரிஷோவுக்காக ஆடுவோம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பயிற்சி. பள்ளிக்கூடம் தொடங்கும்முன் ஐஸ் கிடைப்பது ஐந்தே முக்காலுக்குத்தான். வெளியே இருட்டு. என் உதவியாளன் ஸ்லாவோ ஐஸ் தேய்க்கும் வண்டியை ஓட்டி முடித்துக் கொட்டகையில் விட்டான். பையன்கள் எல்லாரும் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள். சத்தம் கேட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக முனகி எரிந்தன. புதிதாகத் தேய்த்த ஐஸ் கறுப்பாக, ஈரமாக, யாரும் பார்க்காத ஏரி போலக் கிடந்தது.

“லுபோ,” என்றான் ஸ்லாவோ. “எந்தக் கழுதைடா அதுக்குள்ள ஏறினது?”

எங்கள் பெஞ்சின் கதவிலிருந்து ஒரு ஸ்கேட் தடம். நேராக நடுவட்டம் வரை. அங்கே நின்றிருந்தது.

திரும்பி வந்த தடம் இல்லை.

“நீயே ஏறியிருப்பே,” என்றேன்.

“நானா? இந்த முட்டிய வெச்சுக்கிட்டா? படி ஏறவே எனக்கு ஆள் வேணும்.” சிரித்தான். பிறகு அவனும் அந்தத் தடத்தைப் பார்த்தபடி நின்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

பயிற்சி தொடங்கியது. மூன்று மூன்று பேராக வரிசை. விசில் ஊத ஊத ஒவ்வொரு வரிசையும் கிளம்ப வேண்டும். ரிஷோ இல்லாததால் கடைசி வரிசையில் இரண்டு பேர்தான். விசில் ஊதினேன். மூன்று பேர் கிளம்பினார்கள்.

கண்ணைக் கசக்கினேன். இரண்டு பேர்.

தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்கு இரவுகளாகத் தூக்கமே இல்லை. அதனால் நம்ப முடிந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

டொக்... டொக்.

எனக்குப் பின்னால். பெஞ்சுப் பக்கம். திரும்பினேன். யாரும் இல்லை. கடைசி இடத்துக்குக் கீழே ரப்பர் தரையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஸ்கேட்டிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டினால் தேங்குமே, அந்த அளவு. மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது.

ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. துடைக்கும்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? மார்செலாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் இது நின்றுவிடும் என்று நினைத்தேன். மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் வரை போனேன். மேல்மாடி ஜன்னலில் அவள் நிற்பது தெரிந்தது. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை.

எங்கள் ஊரில் ஆட்டம். டீக்கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ரிஷோவின் ஜெர்சியை டோபியாஷ் கொண்டுவந்தான். அணித் தலைவன் அவன்தான். பெஞ்சின் கடைசி இடத்துக்கு மேலே, கண்ணாடியில் அதை மாட்டினார்கள். அடிபட்டவனுக்கு அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். எல்லாரும் மட்டையால் ஐஸைத் தட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்றது. நான் குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டுவது போல இருந்தேன்.

கடைசி இடத்தில் யாரும் உட்காரவில்லை.

மூன்றாம் பகுதி. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றுக்கொண்டிருந்தோம். எதிரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மாலை ஆறு நாற்பத்திரண்டு. பாதி வரிசையை மாற்ற வேண்டும். ஓடிக் களைத்த மூன்று பேர் பெஞ்சை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் களத்திலேயே இருப்பார்கள். நான் புதிதாக மூன்று பேரை அனுப்ப வேண்டும்.

கண் ஆட்டத்தில். கை தோள்களில்.

ஒன்று. டோபியாஷ்.

இரண்டு.

மூன்று.

கை நிற்கவில்லை. பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. பெஞ்சின் கடைசிக்கு.

அங்கே ஒரு தோள் இருந்தது.

ஜெர்சி. அதற்குக் கீழே கெட்டியான தோள்கவசம். அதற்கும் கீழே... குளிர். ஐஸின் குளிர் எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். இது அது இல்லை. எலும்பு வரை ஏறியது.

நான் பார்க்கவில்லை.

பார்க்காமலே தெரிந்தது.

இப்போது நான் எழுதப்போவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். கையை எடுத்திருக்கலாம். நேரம் இருந்தது. ஒரு மூச்சு அளவுக்கு நேரம் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். அப்பாடா, ரிஷோ இருக்கான்... இனி ஜெயிச்சிடலாம்.

தட்டினேன்.

காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு.

“ஸ்கோர் என்ன கோச்?”

டொக்...

டொக்.

விசில்!

நடுவர் ஒரு கையைத் தூக்கியிருந்தார். ஆட்டம் நின்றது. அவர் எங்கள் பெஞ்சைக் காட்டினார். களத்தில் ஆள் அதிகம். இரண்டு நிமிடத் தண்டனை.

கூட்டம் கத்தியது. நான் எண்ணினேன். ஸ்லாவோ எண்ணினான். ஐந்து பேர். ஐந்தே பேர்.

டோபியாஷ் பெஞ்சுக்கு வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது.

“கோச்... நான் குதிக்கும்போது திரும்பிப் பாத்தேன். அங்க யாரைத் தொட்டீங்க?”

“யாரையும் இல்ல.”

“காத்துல கை வெச்சிருந்தீங்க கோச். தட்டிக்கூடக் குடுத்தீங்க.”

“போய் ஆடுடா!”

அவன் போனான். தோற்றோம். எத்தனைக்கு எத்தனை என்று இப்போது எனக்கு நினைவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்லாவோ நடுவரைத் தாழ்வாரத்தில் மடக்கினான்.

“யோவ், கண்ணாடி போடுய்யா! எங்க ஊர்ல கடை இருக்கு, நானே வாங்கித் தர்றேன்.”

“ஆறு பேர் இருந்தாங்க,” என்றார் நடுவர். கிழக்கே எங்கோ தூரத்து ஊர்க்காரர். எங்கள் பையன்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. “எண்ணிட்டுத்தான் ஊதினேன்.”

“அஞ்சுய்யா! நாலு சுவரும் சாட்சி!”

“ஏறினதே என் கண்ணு முன்னாடிதான். கதவை மட்டையால ரெண்டு தட்டு தட்டினான். குதிச்சான். நேரா எதிரணி பெஞ்சுக்குப் போனான். பாதியில நின்னான். எங்க போறதுன்னே தெரியாத மாதிரி நின்னான் பாவம். அதான் நல்லாப் பாத்தேன்.”

ஸ்லாவோ என்னைப் பார்த்தான்.

“நம்பர் பாத்தீங்களா?” என்றேன்.

“இருபத்தாறு.”

ஸ்லாவோ மெதுவாகச் சுவரில் சாய்ந்தான்.

நான் மட்டும் களத்துக்குத் திரும்பி வந்தேன். விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டிருந்தார்கள். ஜெர்சி மாட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றக் கையை நீட்டினேன்.

கனமாக இருந்தது.

நனைந்திருந்தது. கழுத்து, முதுகு, அக்குள். வியர்வை. ஓடிவிட்டு வந்த பையனின் ஜெர்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சூடாக இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ... போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மார்செலாவின் தங்கை. அழுதுகொண்டே ஒரே வரிதான் சொன்னாள்.

ரிஷோ போய்விட்டான்.

எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். பையன்கள் குழிக்கு இருபுறமும் நின்று மட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள். பனி விழுந்தது. டோபியாஷ் என் பக்கம் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேடியத்துக்குப் போனேன். ராஜினாமா செய்யத்தான் போனேன். தாழ்வாரத்தில் வெளிச்சம் தெரிந்தது. எலுமிச்சை வாசம் வந்தது. டீக்கடையின் இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே மார்செலா கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கடையக் காலி பண்றேன் கோச். உக்காருங்க. கடைசி டீ.”

உட்கார்ந்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். இடது கைக்குச் சுட்டது.

“அவன் முழிச்சான், தெரியுமா?” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“யாரும் சொல்லலையா? போறதுக்கு முன்னாடி. ஒரு நிமிஷம்கூட இருக்காது. காலைத் தூக்கிக் கட்டில் கம்பிக்கு வெளிய போட்டான். ஏதோ தாண்டப் போறவன் மாதிரி. நர்ஸ் புடிச்சாங்க. அவன் தோள்ல கை வெச்ச மாதிரி ஒரு தடம், செவசெவன்னு. அஞ்சு விரலும் தெரிஞ்சுது. யாரு இப்படி அழுத்தினதுன்னு நர்ஸக் கேட்டேன். யாரும் தொடலங்கிறாங்க.”

ஒரு கோப்பையைச் சுற்றினாள். வைத்தாள்.

“கண்ணத் தொறந்தான். நான் இங்க நிக்கிறேன், என்னைப் பாக்கல. என் தலைக்குப் பின்னாடி யாரையோ பாத்தான். ‘ஸ்கோர் என்ன கோச்’னான். நல்ல தெளிவா. நான் கண்ணு கண்ணுன்னு கூப்புடறேன்... கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதையே கேட்டான். அவ்வளவுதான். எதிர்ல கடிகாரம் இருந்துச்சு. ஆறு நாப்பத்திரண்டு.”

கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அதைச் சொன்னதும் அந்தச் சின்ன டாக்டர் முகம் மாறிடுச்சு. அடிபட்ட அன்னைக்கே அப்படிக் கேட்டிருப்பானேன்னாரு. பெஞ்சுல பக்கத்துல யாரு இருந்தாங்கன்னாரு.”

கடைக்கு உள்ளேயிருந்து சுற்றி வந்தாள். எனக்குப் பின்னால் நின்றாள். பெஞ்சுக்குப் பின்னால் நான் நிற்பேனே, அதுபோல. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் கை மட்டும் என் தோளில் வந்து விழுந்தது.

வெளியே, யாருமில்லாத ஐஸ் பக்கம், டொக்... டொக்.

“அவன் உங்ககிட்ட என்ன கேட்டான் கோச்?” என்றாள். “திட்ட மாட்டேன். அழ மாட்டேன். அன்னைக்கு என் புள்ள உங்ககிட்ட என்ன கேட்டான்னு மட்டும் சொல்லுங்க.”